அப்பன் பெயர் முன்னா பின்னா

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. தப்பியவர்கள், செத்தவர்கள் பட்டியல் இங்கிலீஷில் தூத்துக்குடிக்கு வந்தது. அதைத் தமிழில் எழுதித் துறைமுக ஆபீஸ் சுவரில் ஒட்டுவது என் வேலை. ஈயடிச்சான் காப்பிதானே என்று அசட்டையாக எழுதி ஒட்டினேன்.

இசக்கியம்மாளும் மருமகள் சண்முகத்தாயும் வந்தார்கள். இருவருக்கும் வாசிக்கத் தெரியாது. இசக்கியம்மாளின் புருஷன் சொரிமுத்துவும் மகன் சுடலைமாடனும் கொழும்பில் ஒரே கடையில் இருந்தவர்கள். நான் வாசித்தேன்.

"சொரிமுத்து சுடலைமாடன், நாளைக் கப்பலில் வருகிறார். சுடலைமாடன் சொரிமுத்து, இறந்துவிட்டார்."

"அப்பனா, மவனா? யாரு வாரது?" என்றாள் இசக்கியம்மாள்.

நம் வழக்கத்தில் தகப்பன் பெயர்தானே முன்னால்? "சொரிமுத்து மகன் சுடலைமாடன். ஒம் மவன்தான் வாரான்" என்று சொல்லிவிட்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

சண்முகத்தாய் அழுதுகொண்டே சிரித்தாள். இசக்கியம்மாள் தாலியைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "எம்பிள்ள இருக்கான்லா, அது போதும்" என்றாள்.

அவர்கள் போன பிறகுதான் இங்கிலீஷ் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கொழும்பு கிளார்க் வெள்ளைக்காரன் முறையில் சொந்தப் பெயரை முன்னால் போட்டிருந்தால்? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற குடும்பம் அது. பெரியவர் சொரிமுத்துவின் அப்பனும் சுடலைமாடன்தான். அப்படியென்றால் வருவது பெரியவர், செத்தது மகன். வயதுக் கட்டத்தில் பார்த்தால் வெறும் கோடு. அடுத்த வரி பிச்சையா ஜீவமணி. இதில் யார் அப்பன், யார் மகன்? திருப்பித் திருப்பிப் படித்ததில் என் பெயரே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

மறுநாள் காலை பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு படகுத்துறைப் பாலத்துக்குப் போய், அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நேத்து ஒண்ணு சொன்னிய, இன்னைக்கு ஒண்ணு சொல்லுதிய. நாங்க யாருக்குன்னு அழ?" என்று சண்முகத்தாய் கத்தினாள். வெட்கத்தில் செத்துவிடலாம்போல இருந்தது. மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

கப்பலிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு படகு வந்தது. கடைசி ஆளாக, நரைத்த மீசையோடு சொரிமுத்து படியேறினார். இசக்கியம்மாள் அவரைத் தாண்டிப் படகைப் பார்த்தாள். அதில் வேறு ஆள் இல்லை.

"அவன விட்டுட்டு நீங்க எதுக்கு வந்திய?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

சண்முகத்தாய் என் கையிலிருந்த பட்டியல் பக்கம் திரும்பினாள்.

"அய்யா, அத இன்னொரு தடவ வாசிங்க."