பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

பூங்கனி செய்தது துரோகமா கரிசனமா என்று இன்று கேட்டாலும் பெபிஷாவால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மாடிப்படி ஏறும்போது அவளுக்குச் சந்தேகமே இல்லை. துரோகம்தான்.

கொட்டாரத்தில் உரக்கடைக்கு மேலே உள்ள அறையில், மனச்சோர்வால் அவதிப்படும் பெண்களுக்காகப் பெபிஷா வாரம் ஒருமுறை குழு நடத்துகிறாள். பெங்களூரில் அதற்கென்றே படித்துவிட்டு வந்தவள். வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் கேன், கீழேயிருந்து ஏறிவரும் உர வாடை, அவ்வளவுதான் ஏற்பாடு. முதல் நாளே ஒரு விதி சொன்னாள். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். பலமாக ஆட்டியவள் பூங்கனி.

பூங்கனிக்கு அறுபதை நெருங்கும் வயது. கணவர் இறந்த பிறகு தூக்கம் போய், டாக்டர் சொல்லி வந்தவள். ஆனால் தன் தூக்கத்தைப் பற்றி அவள் பேசியதே இல்லை. யார் கண்ணில் நீர் வந்தாலும் கைக்குட்டையோடு முதலில் எழுந்து போய், "அழாத மக்கா, எல்லாம் சரியாவும்" என்று முதுகைத் தடவுவாள். அழ வந்தவள் அழாமலே வீட்டுக்குப் போவாள். இது சரியில்லை என்று பெபிஷா ஓரிருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். பூங்கனி இருந்தால் குழு கலகலப்பாக இருக்கும், நடத்துகிறவளுக்கும் பாதி வேலை மிச்சம். சோம்பலுக்குப் பொறுமை என்று பெயர் வைக்கப் படித்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜினிஷா வந்தது முதல் பிரசவத்துக்குப் பிறகு. கணவன் ஸ்டெனி தோகாவில் இருக்கிறான். அவள் மாமியார் வீட்டில். பல வாரம் வாயே திறக்காதவள், போன வாரம் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"பிள்ள அழும்பம் எனக்கு அதத் தூக்கவே தோணல்ல. எங்கயாவது ஓடிரலாம்னுதான் தோணுது. எனக்க பிள்ளதான். ஆனா பாசமே வரல்ல."

அன்று பூங்கனி எழவில்லை. கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பெபிஷா அதைக் கவனித்தாள். தான் சொன்னது கடைசியில் ஏறிவிட்டது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

பூங்கனியும் ஜினிஷாவின் மாமியாரும் ஒரே சபை. மறுநாள் அங்கே பெண்கள் கூட்டம். முடிவில் ஜெபக்குறிப்பு கேட்பார்கள். யாருக்காக எல்லோரும் ஜெபிக்க வேண்டும் என்று எழுந்து சொல்லலாம். பெயர் சொல்ல வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும். பூங்கனி எழுந்து, பெற்ற பிள்ளையைத் தூக்க மனம் வராத ஓர் இளம் தாய்க்காக, கணவன் வெளிநாட்டில் இருக்கிறவளுக்காக, ஜெபிக்கச் சொன்னாள். ஆண்டவரோடு சேர்ந்து மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது. அந்தச் சபையில் அப்படி ஒருத்திதான் உண்டு. இரண்டாம் வரிசையில் இருந்த மாமியார் ஞானபாய், ஆளைப் புரிந்துகொள்ளும் முன்பே சத்தமாக ஆமென் சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போனதும் தொட்டிலைத் தன் அறைக்கு மாற்றினாள். குழந்தைக்குப் புட்டிப்பால். ஜினிஷா தனியாக அதைத் தொடக் கூடாது.

ஜினிஷா போனில்தான் இதைச் சொன்னாள். குரலில் அழுகை இல்லை. பெபிஷா பயந்தது அதற்குத்தான். இனி வரமாட்டேன் என்றவளை, ஒரே ஒரு நாள் வா என்று கெஞ்சியிருந்தாள். பிள்ளை கையைவிட்டுப் போய்விட்டது. வாய் திறக்க இருந்த ஒரே இடமும் போனால் அந்தப் பெண் என்ன ஆவாள்?

வந்தாள். கதவை ஒட்டிய நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெபிஷா தொடங்கினாள். வழியெல்லாம் தயாரித்த பேச்சு. "நம்பிக்கை இல்லாம ஒரு குழு நடக்காது. இங்க பேசின ஒரு விஷயத்த நம்மில ஒருத்தர் வெளிய கொண்டு போயிருக்காங்க. யாருன்னு நான் சொல்லப்போறதில்ல. அதனால ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன ஆச்சுன்னு அவங்க யோசிக்கணும்."

கோட்டாற்றிலிருந்து வரும் ரிஸ்மா பூங்கனியைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த ஓமனாவும் பார்த்தாள். பூங்கனி கைக்குட்டையைப் பார்த்தாள்.

"மேடம்," என்றாள் ஜினிஷா. "நீங்களும் பேரு சொல்லாமத்தான சொல்லுதிய."

பெபிஷாவுக்கு முகம் சுட்டது. ஒருத்தியை எல்லோர் நடுவிலும் நிறுத்தி, பெயரை மட்டும் மறைத்து, நல்ல வார்த்தையால் அடிப்பது. பூங்கனியாவது கண்ணை மூடிக்கொண்டு செய்தாள்.

"சரிதான். நான் தப்பாத் தொடங்கிட்டேன்," என்றாள். "பூங்கனி அக்கா, நீங்க ஜினிஷாகிட்ட பேசணும். எங்கிட்ட இல்ல."

"நான் ஆருட்ட சொன்னேன்? ஆண்டவருட்டல்லா சொன்னேன்," என்றாள் பூங்கனி. "ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு..." என்று கண்களை மூடினாள்.

"கண்ணத் திறந்துகிட்டு, அக்கா."

அதன்பிறகு பெபிஷா எதுவும் சொல்லவில்லை. படித்ததிலேயே கடினமான பாடம் அது, சும்மா இருப்பது. கீழே மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் எடுக்க எழுந்த ஓமனாவைக் கையசைத்து உட்காரச் சொன்னாள்.

"எனக்க ஷிபு பொறந்தப்ப," என்றாள் பூங்கனி, "நானும் அவனத் தூக்கல்ல. மாசக்கணக்கா. அழுது அழுது அவனே ஒறங்கிருவான். நான் செவரப் பாத்துட்டுக் கெடப்பேன். எனக்க மாப்பிளைட்ட சொல்லல்ல. ஆண்டவருட்டயும் சொல்லல்ல. வெக்கம். நீ சொன்னப்ப அது நான்தான்னு இருந்திச்சி மக்கா. எனக்காவத்தான் ஜெபிக்கச் சொன்னேன். அடையாளம் மட்டும் உனக்கதச் சொல்லிட்டேன்."

ஜினிஷா பையை இறுக்கிக்கொண்டாள். "ஆன்ட்டிக்க பிள்ளைய ஆரும் எடுக்கல்லயே. எனக்க பிள்ளைய எடுத்துட்டாவ."

பூங்கனி அழுதாள். யாரும் முதுகைத் தடவவில்லை. அழுது முடித்ததும், "நான் இப்பமே உனக்க மாமிட்ட வந்து சொல்லுதேன்," என்று எழுந்தாள்.

"அவளுக்கு என்ன வேணும்னு அவகிட்டயே கேளுங்க," என்றாள் பெபிஷா.

பூங்கனி கேட்டாள். பிரசவத்துக்குப் பிறகு ஜினிஷாவிடம் யாரும் கேட்டிராத கேள்வி. ஜினிஷா பையைக் கீழே வைத்தாள்.

"பாசம் வருமான்னு எனக்குத் தெரியாது. ஆனா தொட்டிலு எனக்க முறிக்கு வரணும்."

அந்த வாரப் பெண்கள் கூட்டத்தில் பூங்கனி மறுபடியும் எழுந்தாள். இந்தத் தடவை பெயர் சொன்னாள். தன் பெயர். கண்ணைத் திறந்தபடி, ஞானபாயைப் பார்த்து, ஷிபு அழுத கதையை முழுதாகச் சொன்னாள். ஜினிஷாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் விழித்தார்களாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜினிஷா குழந்தையோடு வந்தாள். தொட்டில் அவள் அறைக்கு வந்துவிட்டது, மாமியாரின் காவல் மட்டும் நீங்கவில்லை. ஞானபாய் கூடவே வந்து கீழே உரக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையை நாற்காலிகளின் நடுவே பாயில் கிடத்தியிருந்தார்கள். பேச்சுக்கு நடுவில் அது அழத் தொடங்கியது.

பூங்கனி பாதி எழுந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டாள். பெபிஷாவும் அசையவில்லை. அழுகை ஏறியது.

"பிள்ள அழுகுதே!" என்று கீழேயிருந்து ஞானபாயின் குரல்.

ஜினிஷா குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் பாசம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

"நீங்க இரிங்க மாமி," என்றாள் உரக்க. "நான் எடுக்கேன்."

குனிந்து எடுத்தாள்.