நல்ல சாம்பிள்

மூன்றாவது முறையாகவும் டப்பா திரும்பி வந்தது. "இது எச்சில், சளி இல்ல," என்றார் லேப்காரர். "இதை வெச்சு என்னத்தப் பாக்கறது? ஆழமா இருமி எடுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு மாதம் மாத்திரை விழுங்கியதில் காசநோய் இருமல் அடங்கிவிட்டது. அது என் குற்றமா? ஆனால் சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடுவார்கள். வீட்டில் ஒன்றரை வயது மகள். தையல் கடையில் என் மெஷினில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டதாகக் கேள்வி.

பார்க்க வந்த மனைவியிடம் புலம்பினேன்.

"இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? குடுங்க இப்படி," என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே மரத்தடிக்குப் போனாள். நோயில்லாதவள் துப்பினால் கிருமி எங்கிருந்து வரும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டே நிமிடத்தில் மூடியை இறுக்கியபடி திரும்பினாள்.

லேப்காரர் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதான் நல்ல சாம்பிள். இத்தனை நாளா ஏன் படுத்தினீங்க?"

எனக்கு வாயெல்லாம் பல். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலானது, கைக்குட்டையை வாயில் வைத்து ரொம்ப நேரம் இருமினாள். "மாவு மில்லு தூசுங்க," என்றாள். நானும் நம்பினேன்.

மறுநாள் காலை டாக்டரம்மா கட்டிலருகே வந்து நின்ற விதமே சரியில்லை. "கிருமி இருக்கு. இப்ப நீங்க சாப்பிடற மாத்திரைக்கு அடங்காத கிருமி. இன்னிக்கே தனி வார்டுக்கு மாத்தறோம். வேற மருந்து, மாசக்கணக்குல ஆகும்."

நான் செத்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் டப்பா நினைவுக்கு வந்தது. அதிலிருந்த சளி கெட்டியாக, மஞ்சளாக இருந்தது. நோயில்லாதவளுக்கு அப்படி ஏன் வருகிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரம் எனக்கு.

சாப்பாட்டுப் பையோடு வாசலில் அவள் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து, சொல்லாதீங்க என்று தலையை ஆட்டினாள். சொன்னால் மில் வேலை போகும். குழந்தையைப் பிரித்துவிடுவார்கள்.

ஆனால் மகள் தினமும் இவள் நெஞ்சோடு ஒட்டித்தான் தூங்குகிறாள். இவள் விடுகிற மூச்சைத்தான் குழந்தை இழுக்கிறது. என் நோய் தெரிந்த அன்றுகூட இவ்வளவு பயந்ததில்லை.

"டாக்டரம்மா, அந்தச் சளி என்னோடது இல்ல. இவளோடது."

அவர் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "வீட்டுல வேற யாரும்மா இருக்காங்க?"

"பாப்பா மட்டும்தான். பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தேன்."

"இருமுதா?"

என் மனைவி பையைக் கீழே வைத்தாள். என் பக்கம் பார்க்கவேயில்லை.

"நாலு நாளா," என்றாள்.