எட்டாம் வாய்ப்பாட்டுக்கு ஒரு திட்டு

மூன்றாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிடலாமா என்று தலைமையாசிரியை யோசித்துக்கொண்டிருந்தார். நல்லெண்ணத்தில்தான்.

"நூலகத்துல புத்தகங்களுக்கு நம்பர் போடற வேலை அப்படியே கிடக்கு சார். வருஷம் முடியற வரைக்கும் நீங்க அதைப் பார்த்துக்கலாமே. அமைதியா இருக்கும்."

அமைதி எனக்கு வீட்டிலேயே தேவைக்கு மேல் இருந்தது. மனைவி இறந்த பிறகு அங்கே குழாய் சொட்டும், ஃப்ரிட்ஜ் உறுமும். வேறு பேச்சில்லை. வகுப்பும் போய்விட்டால் பகலும் வீடாகிவிடும்.

"ஒரு தடவை வகுப்பைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க மேடம்" என்றேன்.

"மாசக் கடைசியில வர்றேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

நோயாளியிடம் பேசுகிற குரல். முன்பெல்லாம் ஒரு டஸ்டர் தொலைந்தால் மாடிப்படி அதிரும்படி திட்டியவர் இவர்.

அவர் யோசித்ததிலும் தப்பில்லை. நான் பலகையில் எழுதினேன், பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். யாரும் கை தூக்கவில்லை. நான் கேள்வி கேட்பேன், மின்விசிறி பதில் சொல்லும்.

கடையில் நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கி வந்தேன். சரியான பதிலுக்கு ஒரு ஸ்டார். வகுப்பு கொஞ்சம் அசைந்தது. பிறகு 'புகார்' எழுந்தான். உட்காரும்போதே ஒரு புகாரோடு உட்காருகிற பையன்.

"சார், இவன் ஒரு ஸ்டாருக்கு ரெண்டு ரப்பர் கேக்கறான் சார்!"

அதற்குள் வியாபாரம் களைகட்டியிருந்தது. கணக்கு தெரியாதவன்கூட ரப்பர் கணக்கில் தப்பு விடவில்லை. கடைசி ஸ்டாரை யாரோ ஜன்னலில் இருந்த பல்லி மேல் ஒட்டினார்கள். பல்லி வாலை விட்டுவிட்டு ஓடியது. ஸ்டார் வாலில் இருந்தது. அத்துடன் அந்தத் திட்டம் முடிந்தது.

மறுநாள் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வந்திருந்தேன். எனக்குத் தெரியாது. புகாருக்குத் தெரிந்தது.

"சார், சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. நான் இப்படி வந்தா எங்கம்மா தோலை உரிச்சிருவாங்க. உங்களை யாரும் திட்ட மாட்டாங்களா?"

பின்னாலிருந்து ஒருத்தி அவன் முதுகில் குத்தினாள். என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று எல்லார் வீட்டிலும் சொல்லி அனுப்பியிருந்தார்கள் போல.

"மாட்டாங்க" என்றேன்.

உண்மைதான். பிறந்ததிலிருந்து என்னைத் திட்டி வந்த அக்காகூட இப்போது போனில் "சாப்பிட்டியாப்பா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். பிள்ளைகளின் விடைத்தாளை நான் பேருந்தில் விட்டுவிட்டு வந்தால் சக ஆசிரியர்கள் "பரவாயில்ல சார், விடுங்க" என்கிறார்கள். என் மனைவி நன்றாகத் திட்டுவாள். முற்றுப்புள்ளியே இருக்காது.

"ஏன், நீ திட்டறியா?" என்று புகாரிடம் கேட்டேன்.

"நிஜமாவா சார்?"

"சும்மா கிடையாது. ஆறாம் வாய்ப்பாடு தப்பில்லாம சொல்லு. அப்புறம் திட்டு."

இரண்டு முறை தடுக்கி விழுந்து, மூன்றாம் முறை சொல்லி முடித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கண்ணு எங்கே வெச்சிருக்கீங்க, பிடரியிலயா? எருமை மாதிரி வளர்ந்தாச்சு, ஒரு சட்டை போடத் தெரியல. நாலு பேர் பார்த்தா யாரைப் பார்த்துச் சிரிப்பாங்க? உங்களையா? என்னைத்தான்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குக் காதடைப்பு விட்டது போல இருந்தது.

விதிகள் அன்றே எழுதப்பட்டன. கெட்ட வார்த்தை கூடாது. நான் உண்மையாகவே செய்த தப்பாக இருக்க வேண்டும். ஒரு வாய்ப்பாட்டுக்கு ஒரு திட்டு.

பிறகு அவர்கள் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பேனா மூடியைக் கடிப்பது, நகம் வெட்டாதது, பலகையில் சாய்ந்து முதுகெல்லாம் சாக்பீஸ் ஆவது, எதுவும் தப்பவில்லை. இடுப்பில் கை வைத்து ஒரு பொடிசு, "கண்ணாடியில மூஞ்சியைப் பார்த்தீங்களா? முள்ளம்பன்றி வந்து அண்ணான்னு கூப்பிடும்" என்றாள். ஒவ்வொரு வாயிலும் ஒரு வீடு கேட்டது. ஒரு பையன் ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் சொன்னான், என்னை மேலும் கீழும் பார்த்தான், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் அப்பா அப்படித்தானாம். எல்லாவற்றிலும் அதிகம் உறைத்தது அதுதான்.

நானும் விடவில்லை. தினமும் சவரம் செய்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். இவர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று ஒரு வீம்பு. சில நாள் உச்சி முதல் பாதம் வரை ஆராய்ந்துவிட்டு, "சே, இன்னிக்கு ஒண்ணுமே தேறல" என்று நொந்துகொள்வார்கள். வாய்ப்பாடு சொன்னது சொன்னதுதான், திட்டு பாக்கியில் நிற்கும்.

ஒருத்தி மட்டும் விளையாட்டில் சேரவில்லை. அவள் பெயர் 'அப்புறம்'. எதைக் கேட்டாலும் "அப்புறம் சொல்றேன் சார்" என்பாள். மதியம் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு வாய்க்கு இருபது தடவை மென்று சாப்பிடுவாள்.

மாசக் கடைசி வந்தது. காலையிலேயே எச்சரித்தேன்.

"மேடம் வர்றாங்க. இன்னிக்குத் திட்டு கிடையாது. வகுப்பு நல்லா இல்லேன்னா என்னை நூலகத்துக்கு அனுப்பிருவாங்க."

"நாளைக்கு ரெண்டா சார்?" என்றான் புகார்.

"சரி, ரெண்டு."

தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கித் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டாம் வாய்ப்பாட்டில் ஒரு கேள்வி கேட்டேன். கைகள் எழுந்தன. நடுவில் அப்புறம் எழுந்து நின்றாள்.

"முழுசா சொல்றேன் சார்."

சொன்னாள். எட்டேழில் நின்றுவிட்டாள். கூரையைப் பார்த்தாள். வகுப்பு முழுக்க உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. மேடத்தின் உதடுகளும். பிறகு "ஐம்பத்தாறு" என்று வந்தது. மீதியை ஓடி முடித்தாள்.

"இப்பத் திட்டலாமா சார்?"

"ஏய், இன்னிக்குக் கிடையாதுன்னு சார் சொன்னாரில்ல!" என்றான் புகார்.

"அப்புறம்னா மறந்துருவாங்க" என்றாள் அப்புறம்.

"என்ன திட்டறது? யாரை?" என்று கடைசி பெஞ்சிலிருந்து மேடம் கேட்டார்.

உட்காரு என்று சொல்லியிருக்கலாம். வகுப்பு என் கையில் தங்கியிருக்கும். ஆனால் இவள் வாயிலிருந்து அதன் பிறகு எதுவும் வந்திருக்காது.

"திட்டும்மா" என்றேன்.

அவள் முன்னால் வந்தாள். என் மேசையில் இருந்த இரண்டடுக்கு டப்பாவைக் காட்டினாள்.

"கீழ் அடுக்குல வெறும் ரொட்டி. மேல் அடுக்குல காத்து. காத்தை எதுக்கு சார் கட்டி எடுத்துட்டு வர்றீங்க, இங்க காத்து இல்லையா? ஒரு முட்டை வேக வைக்கத் தெரியாதா? ஒரு வெள்ளரிக்காய் நறுக்கத் தெரியாதா? நானும் தினமும் பார்க்கிறேன். மேல் டப்பாவைத் திறக்கறீங்க, மூடறீங்க. திறந்து பார்த்தா வந்துருமா? நாளைக்கும் காலியா இருந்துச்சு, எனக்குக் கெட்ட கோவம் வரும். சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. மேல் அடுக்கு என் மனைவி நிரப்புவது. அதை நான் தினமும் திறக்கிறேன் என்பது எனக்கே தெரியாது.

"சரிம்மா. வெச்சு எடுத்துட்டு வர்றேன்."

"ம்" என்று போய் உட்கார்ந்தாள்.

மேடம் பெஞ்சிலிருந்து காலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு எழுந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மணி அடிச்சதும் என் ரூமுக்கு வாங்க."

போனேன். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"என்ன சார் நினைச்சுட்டிருக்கீங்க? இது வகுப்பா, சந்தையா? பக்கத்து வகுப்பு டீச்சர் கூச்சல் தாங்கலன்னு தினமும் என் உயிரை எடுக்கறாங்க. பிள்ளைங்க வாத்தியாரைத் திட்டுமாம், அதுக்கு வாய்ப்பாடு கட்டணமாம்! நாளைக்கு ஒரு அம்மா வந்து கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? பேருந்துல விட்ட விடைத்தாளுக்கு இன்னும் பதில் வரல. ஜன்னல்ல பல்லி வாலு, அதுக்கு ஸ்டார் வேற! அப்புறம் அந்த டப்பா. ஒரு குழந்தை எடுத்துச் சொல்ற அளவுக்கா சார் சோறு திங்கறது?"

மேசையைத் தட்டினார். பேனா வைக்கும் குவளை குதித்தது. டஸ்டர் தொலைந்த காலத்துக் குரல். எனக்கு நிற்கவே சுகமாக இருந்தது.

"சிரிக்கிறீங்களா?"

"இல்ல மேடம்."

"சிரிக்கிறீங்க. நாளைக்கு மூணாம் வகுப்புக்கு லேட்டா வாங்க, அப்ப இருக்கு உங்களுக்கு."

"அப்ப நூலகம் மேடம்?"

"எந்த நூலகம்? அதுக்கு வேற ஆளா இல்ல? போங்க சார், போய் வேலையைப் பாருங்க."

வெளியே ஜன்னலுக்குக் கீழே பாதி மூன்றாம் வகுப்பு குந்தியிருந்தது.

"செம திட்டு சார்" என்றான் புகார், மரியாதையாக.

"ஆமாடா."

"மேடம் முதல்ல வாய்ப்பாடு சொன்னாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "சொல்லல."

"அப்ப அது செல்லாது சார்."

அப்புறம் நிதானமாகத் தலையாட்டினாள்.

"பத்தொன்பதாம் வாய்ப்பாடு கேளுங்க சார். பெரியவங்கதானே."