ரஹ்மத்தின் மூன்றாவது விசாரணை

டெல்மா ஹார்ட்வெல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவர், தாயோடு ஒரே வீட்டில் இருந்தவர். எட்டு மாதமாக அவரிடம் பஸ்ஸும் இல்லை, தாயும் இல்லை. பஸ் சாவியை வேலை கொடுத்தவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தாய் இருக்கும் முதியோர் இல்லத்தின் பக்கமே போகக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

நினைவு தப்பிப்போன எண்பத்திரண்டு வயது தாயை அடித்துக் காயப்படுத்தினார் என்பது அவர்மேல் உள்ள வழக்கு. காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது அந்த அம்மாளின் கைகளிலும் முதுகிலும் நீலமும் கறுப்புமாகப் பெரிய பெரிய கன்றல்கள். பார்த்தவர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள். டெக்சாஸ் சட்டத்தில் அது ஃபெலனி, அதாவது நிரூபணமானால் வருடக்கணக்கில் சிறை. வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாத டெல்மாவுக்குக் கோர்ட்டே ரே மொரேனோ என்பவரை வக்கீலாக நியமித்தது. ரேயின் பக்கத்து நாற்காலியில் உதவி வக்கீலாக உட்கார்ந்தவள்தான் ரஹ்மத்.

ரஹ்மத் திருச்சிக்காரி. கணவர் அபுதாஹிருக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்ததால் அமெரிக்கா வந்தவள். வந்த இடத்தில் மாலை வகுப்பில் சட்டம் படித்து, முப்பத்தாறாவது வயதில் வக்கீல் ஆனாள். இப்போது 2005, அவளுக்கு நாற்பத்தொன்று. ஏழை எளியவர்களின் சின்னச் சின்ன வழக்குகளுக்குக் கோர்ட் நியமிக்கும் வக்கீல்கள் பட்டியலில் அவள் பெயர் நான்கு வருடமாக இருந்தது. கடையில் எதையோ எடுத்துவிட்டவர்கள், லைசென்ஸ் இல்லாமல் கார் ஓட்டியவர்கள், அண்டை வீட்டுக்காரரோடு மல்லுக்கு நின்றவர்கள். அதில் அவளுக்கு நல்ல பெயர்.

போன வருடம் ஒருநாள், அவள் இரண்டு முறை காப்பாற்றிவிட்ட ஒரு பெண் மறுபடியும் கோர்ட்டுக்கு வந்தாள். இந்த முறை ஃபெலனி. "ரஹ்மத்தான் என் லாயர்" என்று அந்தப் பெண் நீதிபதியிடம் சொன்னாள். நீதிபதி மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: அவங்க பேர் இந்தப் பட்டியலில் இல்லை. வேறொரு வக்கீல் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். நின்ற நேரம் முழுக்க அந்தப் பெண் திரும்பித் திரும்பி ரஹ்மத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காரில் ஏறியதும் ரஹ்மத் ஒரு முடிவுக்கு வந்தாள்.

ஃபெலனி வழக்குகளுக்கான அந்தப் பெரிய பட்டியலில் ஏறுவது லேசான காரியம் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் மாநிலத்தில் புதுச் சட்டம் வந்ததிலிருந்து, நீதிபதி தனக்குத் தெரிந்த வக்கீலை இஷ்டத்துக்கு நியமிக்க முடியாது. அவர்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், வைத்திருந்த விதி இது: நான்கு வருட அனுபவம் வேண்டும், இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுத்துத் தேர்வு தேற வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் ஜூரி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன ஃபெலனி விசாரணை மூன்றிலாவது பங்கெடுத்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரே ஒரு தடவை, அக்டோபர் கடைசிக்குள் விண்ணப்பம். தேர்வை ரஹ்மத் ஜூனிலேயே முடித்துவிட்டாள். ரேயோடு உட்கார்ந்து இரண்டு விசாரணை ஆகிவிட்டது. மூன்றாவது டெல்மாவுடையது. செப்டம்பரில் நடக்க வேண்டியது. ரீட்டா புயலுக்குப் பயந்து ஊரே காலி பண்ணிக்கொண்டு ஃப்ரீவேயில் நின்ற வாரம் அது, அதனால் தள்ளிப்போய் அக்டோபர் பதினேழு, திங்கட்கிழமை என்று ஆகியிருந்தது. அதை விட்டால் இந்த வருடத்துக்குள் வேறு விசாரணை இல்லை.

விசாரணைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ரமலான் மாதம், நோன்போடு இருந்தாள். ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் மகள் ஃபைஹாவின் பள்ளிக்கு வெளியே, பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளக் காத்திருக்கும் கார் வரிசையில் நின்றுகொண்டு, டெல்மாவின் தாயாருடைய ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஸ்டியரிங் மேல் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். நானூறு பக்கத்துக்கு மேல். ரே ஒருமுறை பார்த்தாயிற்று, அவளும் ஒருமுறை பார்த்தாயிற்று. இது இரண்டாவது முறை. இருநூற்றுச் சொச்சமாவது பக்கத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்று இருந்தது. வரிசையாக எண்கள். அதில் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி.

பின்னால் இருந்த கார் ஹாரன் அடித்தது. வரிசை நகர்ந்துவிட்டிருந்தது. ஃபைஹா கதவைத் திறந்து ஏறினாள். "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள்.

"ஒரு நிமிஷம்மா" என்று காரை ஓரமாக விட்டுவிட்டு, ரஹ்மத் விசாலாக்ஷிக்குப் போன் பண்ணினாள். விசாலாக்ஷி டாக்டர், பேர்லேண்டிலேயே இருக்கும் மீனாட்சி கோயில் பக்கத்தில் வீடு, பத்து வருடப் பழக்கம்.

எண்ணைக் கேட்டதும் விசாலாக்ஷி, "இன்னொரு தடவை படி" என்றாள். படித்தாள்.

"அந்த அம்மா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்களா?"

"ஆமா. ஹார்ட்டுக்காக."

"ரெண்டு, மூணுக்குள்ள இருக்க வேண்டிய நம்பர் ரஹ்மத் இது. ஒன்பதுங்கறே. இந்த நிலைமையில படுக்கையில இருந்து கையைப் பிடிச்சுத் தூக்கி உட்கார வெச்சாலே நீலம் பாஞ்சுடும். யாரும் அடிக்கவே வேணாம். டோஸ் எப்ப மாத்தினாங்கன்னு பாரு."

பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்னால் மாத்திரையின் அளவை ஏற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை ரத்தப் பரிசோதனை எதுவும் எடுக்கவில்லை. எட்டு மாதமாக அந்தக் காகிதம் எல்லார் கையிலும் இருந்திருக்கிறது.

ரேயிடம் போனில் சொன்னபோது அவர் தன்னிடம் இருந்த பிரதியில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கேன்" என்றார். அவர் ரஹ்மத்தைவிட இரண்டு வயது இளையவர், தப்பை மூடி மறைக்கத் தெரியாத ஆள்.

"இப்ப ரெண்டு வழி இருக்கு" என்றார். "இன்னைக்கே இதை அரசு வக்கீல்கிட்ட காட்டலாம். கேஸே விழுந்துடலாம். இல்லேன்னா அவங்க அவசரமா ஒரு டாக்டரைப் பிடிச்சு, இதை எப்படி உடைக்கறதுன்னு தயார் பண்ணிக்கிட்டு வரலாம். ரெண்டாவது வழி, வாயைத் திறக்காம திங்கட்கிழமை ஜூரி முன்னாடி வைக்கறது. அவங்க பதில் யோசிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். ரெண்டுமே சட்டப்படி தப்பு இல்லை. கண்டுபிடிச்சது நீங்க. நாளைக்கு டெல்மாகிட்ட நீங்களே பேசுங்க. அவங்க எதைச் சொல்றாங்களோ அதைச் செய்வோம்."

"ரெண்டாவது வழிதான் சரின்னு தோணுது" என்று ரஹ்மத் உடனே சொன்னாள். சொன்ன பிறகுதான் காரணங்களை அடுக்கினாள். அந்த வேகம் அவளுக்கே உறுத்தியது.

அன்று நோன்பு திறக்கும்போது அபுதாஹிர்தான் கஞ்சி காய்ச்சியிருந்தார். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்த பிறகும் ரஹ்மத் கஞ்சியைத் தொடவில்லை.

"என்ன ரஹ்மத், உப்புக் கூடிப் போச்சா?"

"இல்லங்க." விஷயத்தைச் சொன்னாள். "காட்டிட்டா விசாரணையே இருக்காது. விசாரணை இல்லேன்னா எனக்கு மூணு ஆகாது. இன்னும் ஒரு வருஷம்."

"காட்டாம இருந்தா?"

"ஜெயிக்கலாம். நல்லா ஜெயிக்கலாம்."

"அப்போ என்ன கொழப்பம்?"

"ஜெயிக்கறதுக்காகச் சொல்றேனா, எனக்காகச் சொல்றேனான்னு எனக்கே தெரியலங்க. ரேகிட்ட காரணமெல்லாம் அடுக்கினேன். எல்லாம் நல்ல காரணம்தான். ஆனா காரணத்துக்கு முன்னாடியே முடிவு வந்துடுச்சு."

அபுதாஹிர் ரசாயன ஆலை என்ஜினியர், கோர்ட் விவகாரம் எதுவும் தெரியாதவர். அவர் கஞ்சிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "இதை அப்படியே டெல்மாகிட்ட சொல்லிடேன்" என்றார். "இப்ப ஆறிடும், குடி."

மறுநாள் காலை டெல்மாவின் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் தாயின் சாய்வு நாற்காலி, அதன்மேல் மடித்து வைத்த போர்வை. டெல்மா காபி ஊற்றப் போனார். நோன்பு என்று ரஹ்மத் சொன்னதும், "தண்ணிகூட இல்லையா?" என்று கேட்டு, தன் கோப்பையையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

ரஹ்மத் காகிதத்தைக் காட்டி விளக்கினாள். டெல்மா அந்த எண்ணின்மேல் விரலை வைத்தார்.

"அப்போ நான் தூக்கினதால வந்ததுதானா அது?" என்றார். "குளிப்பாட்ட தினமும் தூக்குவேன். நான்தான் வலிக்க வெச்சிருக்கேனா?"

இந்தக் கேள்வியை ரஹ்மத் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து வந்து சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க தூக்கலேன்னா அவங்களை யார் குளிப்பாட்டியிருப்பாங்க? மாத்திரை பண்ணினது இது. உங்க கை பண்ணலை."

டெல்மா அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு இரண்டு வழிகளையும் சொன்னாள். அதற்கும் பிறகு மற்றதையும் சொன்னாள்.

"உங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கணும். இந்த மாதிரி பெரிய கேஸுக்கு என்னை நியமிக்கணும்னா நான் மூணு விசாரணை முடிச்சிருக்கணும். ரெண்டு ஆச்சு. உங்களுதுதான் மூணாவது. திங்கட்கிழமை விசாரணை நடந்தா எனக்கு லாபம். அதை மனசுல வெச்சுக்கிட்டு நான் சொல்றதைக் கேளுங்க."

டெல்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "சரி, தெரிஞ்சுக்கிட்டேன். இப்ப நீங்க என்ன சொல்றீங்க?"

"காட்டிடலாம்னு சொல்றேன். நேத்துக் கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்."

"நேத்துக்கும் இன்னைக்கும் என்ன ஆச்சு?"

"நேத்து நான் ஜெயிக்கறதை மட்டும் நினைச்சேன். காலையில உங்க அம்மாவோட காயங்களைப் போலீஸ் எடுத்த போட்டோக்களை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். ஜூரியில பன்னிரண்டு பேர், எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் விடுதலை. அந்தப் போட்டோவைப் பார்த்ததுக்கு அப்புறம் எந்த நம்பரும் காதுல ஏறாத ஆள் ஒருத்தராவது இருப்பாங்க. நான் ஜெயிக்கலாம்னு நினைக்கற விளையாட்டுல பணயம் நீங்க."

"காட்டினா எப்ப அம்மாவைப் பார்க்கலாம்?"

"அவங்க ஒத்துக்கிட்டா திங்கட்கிழமையே."

"அப்ப இதுல யோசிக்க என்ன இருக்கு" என்றார் டெல்மா.

அன்று மதியமே ரே அந்தக் காகிதத்தை அரசு வக்கீலுக்கு அனுப்பினார். ஞாயிறு முழுக்கப் பதில் இல்லை. எதிர்த்தரப்பு ஒரு டாக்டரைத் தயார் பண்ணுகிறது என்றே ரஹ்மத் நினைத்தாள். தான் கொடுத்த யோசனையால் டெல்மா சிறைக்குப் போவதுபோல நினைத்து நினைத்து, ஃபைஹா பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அரசு வக்கீல் நேராக அவர்கள் மேஜைக்கு வந்தார். முப்பது வயதுகூட இராத பெண், கண் சிவந்திருந்தது. "ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட நேத்துப் பேசினேன். நாங்க முதல்லயே பார்த்திருக்கணும்" என்றார். நீதிபதி வந்து உட்கார்ந்ததும் வழக்கைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். நீதிபதி கையெழுத்துப் போட்டார். தாயைப் பார்க்கக் கூடாதென்ற தடையும் அதோடு போயிற்று. எல்லாம் சேர்த்து நாலு நிமிடம் ஆகியிருக்கும். வெளியே வராந்தாவில் ஜூரிக்காகக் கூப்பிட்டு வைத்திருந்தவர்கள், எதற்கு வந்தோம் என்று தெரியாமலே வீட்டுக்குப் போனார்கள்.

ரே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸாரி, ரஹ்மத்" என்றார். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அவள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள். சந்தோஷமும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை. முகம் கழுவிவிட்டு வந்தபோது டெல்மா காரிடாரில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அம்மாகிட்ட போகணும். என்னால இப்ப கார் ஓட்ட முடியாதுபோல. இருபது வருஷம் பஸ் ஓட்டினவ நான்" என்றார்.

"வாங்க" என்றாள் ரஹ்மத்.

முதியோர் இல்லத்தில் அந்தத் தாய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. "பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டார். டெல்மா முட்டி போட்டு உட்கார்ந்து, "வந்துடுச்சும்மா" என்றார். தொடுவதற்குக் கையை நீட்டினார், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். எட்டு மாதத்தில் அந்தக் கைக்கு அப்படி ஒரு பயம் பழகியிருந்தது. தாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குளிருக்கு உரசுவதுபோல இரண்டு கையாலும் தேய்த்துவிட ஆரம்பித்தார்.

ரஹ்மத் வெளியே வந்து அபுதாஹிருக்குப் போன் பண்ணினாள்.

"முடிஞ்சுதா? ஜெயிச்சாச்சா?" என்றார்.

"முடிஞ்சுது. விசாரணை இல்லாமலே முடிஞ்சுது" என்றாள். "இன்னைக்கும் நானே கஞ்சி காய்ச்சிடறேன்" என்றார் அவர். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மூன்றாவது விசாரணை அடுத்த வருடம் ஏப்ரலில் அமைந்தது. அதில் ரேயும் அவளும் தோற்றார்கள். நாலு நாள் உயிரைக் கொடுத்து வாதாடியும் ஜூரி குற்றவாளி என்றது. அவர்கள் யாருக்காக வாதாடினார்களோ அந்த மனிதரைச் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகும் ரஹ்மத் காலி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பப் படிவத்தில் ஜெயித்ததா தோற்றதா என்று கேட்கும் கட்டம் கிடையாது. தேதியையும் வழக்கு எண்ணையும் மட்டும் எழுதினாள். அவளைப் பட்டியலில் சேர்ப்பதா என்று நீதிபதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். டிசம்பரில் கடிதம் வந்தது. ஃபைஹாதான் பிரித்துப் படித்தாள். "அம்மா, யூ ஆர் ஆன் த லிஸ்ட்!" என்று கத்திய கத்தலில் அபுதாஹிர் மாடியிலிருந்து ஓடி வந்தார்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கோர்ட்டிலிருந்து முதல் அழைப்பு வந்தது. சிறையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு உடுப்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். போனை எடுத்ததும் அவர் கேட்டது, "இதுக்கு முன்னாடி இந்த மாதிரி கேஸ் எத்தனை பார்த்திருக்கீங்க?"

"பக்கத்துல உட்கார்ந்து மூணு விசாரணை. என் பேர்ல நியமிச்சது உங்களுதுதான் முதல்" என்றாள் ரஹ்மத்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் அளந்து பார்த்தார். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்த ரஹ்மத், அவருடைய உதடு வறண்டிருப்பதைக் கவனித்துப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.