நீர்மாலை வேட்டியும் நாலு தீக்குச்சியும்

பந்தல்காரர் ஜெனிஸ் கடைசிக் கயிற்றை முருங்கை மரத்தில் இழுத்துக் கட்டியபோது, தார்ப்பாயின் தொங்கல் நேராகத் தேன்பெட்டியின் தலையில் போய் உட்கார்ந்தது. கொல்லைக் கதவருகே நின்ற பெருமாள் அண்ணாச்சி ஓரடி பின்வாங்கினார்.

முன்னறையில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அவர் மனைவி உமாராணி கிடந்தாள். விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். திரேஸ்புரம் ரோட்டில் முப்பது வருஷமாகப் பெயின்ட் கடை நடத்தும் அண்ணாச்சி எதற்கும் அஞ்சாதவர், தேனீயைத் தவிர. கொல்லையிலிருந்த தேன்பெட்டி முழுக்க உமாராணியின் ராஜ்ஜியம்.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் அவளுக்கு அதே நினைப்புதான். "ஏங்க, வெயிலு கூடிட்டு. மூடிக்கு அடியில நாலு மூலையிலயும் ஒவ்வொரு தீக்குச்சி வையுங்க, காத்து போவட்டும். பெட்டிக்குக் கீழ வாஸ்லின் தடவுன அட்டை இருக்கும். அதுல எத்தன உண்ணி விழுந்து ஒட்டியிருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. பத்துக்கு மேல போச்சுன்னா கூட்டுக்கு ஆவாது."

இரண்டு நாள் கேட்டாள். அண்ணாச்சி கொல்லைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேற்று சாயங்காலம், "குச்சியும் வச்சாச்சு, எண்ணியும் பாத்தாச்சு. மூணுதான்" என்று வாய் கூசாமல் புளுகினார். "மூணுதானா!" என்று அவள் முகம் மலர்ந்ததே, அதுதான் இப்போது அவரைப் போட்டு அறுத்தது. அவள் கடைசியாகச் சந்தோஷப்பட்டது அவர் சொன்ன ஒரு பொய்க்கு.

தேன்பெட்டி வாசலில் தேனீக்கள் கொத்தாக வெளியே வந்து தாடிபோலத் தொங்க ஆரம்பித்தன. உள்ளே வெந்தால் அப்படித்தான் வரும் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"ஏலே ஜெனிஸு, அந்தத் தொங்கலத் தூக்கிக் கட்டு."

"அண்ணாச்சி, நான் புள்ளகுட்டிக்காரன்" என்று ஜெனிஸ் தெருவுக்கே போய்விட்டார்.

உமாராணியின் தம்பி சுடலைராஜ் வந்து பார்த்தான். "அத்தான், இதத் தூக்கி வண்டியில போட்டு எங்கனயாவது விட்டுருவோம். நீர்மாலை எடுத்துட்டு வார நேரத்துல கொட்டுச்சின்னா சனம் தெறிச்சு ஓடிரும்."

உடலைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் கொண்டுவருகிறவர்களின் தலைக்கு மேல் பிடிப்பதற்காக, நாற்காலியில் புது வேட்டி மடித்து வைத்திருந்தது. அண்ணாச்சி அதை உதறித் தலையோடு போர்த்திக்கொண்டு, தீப்பெட்டியோடு கொல்லையில் இறங்கினார்.

"ஐயோ அத்தான், அது நீர்மாலை வேட்டி!"

"கெடக்கட்டும்லே!"

வெள்ளை உருவம் ஒன்று கொல்லையில் தடுமாறுவதைச் சன்னல் வழியாகப் பார்த்த பெண்கள் ஒப்பாரியில் இரண்டு வரியை விட்டுவிட்டார்கள். அண்ணாச்சி தொங்கலைத் தூக்கிக் கிளையில் செருகினார். மூடியைக் கொஞ்சம் நெம்பி ஒவ்வொரு குச்சியாக வைத்தார். மூன்றாவது குச்சியில் இடது கண்ணுக்கு மேல் ஒன்று கொட்டியது. நாலாவதையும் வைத்துவிட்டுத்தான், அட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்தார்.

படியில் உட்கார்ந்து, உமாராணியின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணத் தொடங்கினார். கடுகைவிடச் சின்னதாகச் செம்புள்ளிகள். எது உண்ணி, எது தூசி என்று ஒரு மண்ணும் விளங்கவில்லை. மகள் ஐஸ்வர்யா அழுகையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"காலு இருக்கிறத மட்டும் எண்ணுங்கப்பா. அம்மா அப்படித்தான் எண்ணுவா."

இரண்டு தடவை எண்ணினார்.

அவர் முன்னறைக்கு வந்தபோது இடது கண் முழுசாக வீங்கி மூடியிருந்தது. "பாவம் அண்ணாச்சி, அழுது அழுது கண்ணு எப்படி வீங்கிட்டு பாருங்க" என்றாள் ஒருத்தி. அதுவரை அவர் ஒரு சொட்டு அழவில்லை.

ஃப்ரீசர் பெட்டியின் மேல் குனிந்து, அட்டையை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"ஏளா, மூணு இல்ல" என்றார். "ஏழு. குச்சியும் இப்பத்தான் வச்சேன்."

சுடலைராஜ் பின்னாலிருந்து அவர் தோளில் கிடந்த வேட்டியை மெதுவாக உருவினான். மடிப்பில் ஒட்டியிருந்த ஒரு தேனீயைச் சன்னலுக்கு வெளியே ஊதிவிட்டு, வேட்டியை மறுபடி மடிக்க ஆரம்பித்தான்.