சம்பந்தி வீட்டு மண்டையோடு

என் சம்பந்தி ஒரு திருடர். திருடன் என்றுதான் வாயில் வருகிறது. ஆனால் பெண்ணைக் கொடுத்தவள் வைதாலும் மரியாதையாக வைய வேண்டும் என்று யாரோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் திருடர்.

எங்கள் கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு டிரைவிங் ஸ்கூலின் பின்னறையில் கூடுவோம். சுவரெல்லாம் வளைவு, மேடு, ஹாரன் அடிக்காதே என்று படங்கள், நடுவில் ஒரு நீள மேசை. புதைபடிவம் சேகரிப்பவர்கள் என்று எங்களுக்குப் பெயர். வீட்டில் இருக்கிறவர்கள் வைத்த பெயர் கல் பைத்தியம். எந்தக் காலத்திலோ செத்துக் கல்லாகிப் போன சங்கு, மீன், இலை, எலும்பு என்று எது கிடைத்தாலும் துடைத்து அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற ஜன்மங்கள். அந்த மாதம் புதிதாகச் சேர்ந்ததைக் கைக்குட்டை போட்டு மூடிக் கொண்டுவருவோம். முறை வரும்போது துணியை எடுக்க வேண்டும். எடுத்ததும் மற்றவர்கள் எல்லோரும் 'அடடா' சொல்ல வேண்டும், உள்ளே வயிறு எரிந்தாலும்.

சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான். எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கக் கூடாது. அவராக வாய்விட்டுச் சொன்னால் உண்டு. எங்கள் ஆட்கள் பீரோ சாவியைக்கூடக் கொடுப்பார்கள், இடத்தைச் சொல்ல மாட்டார்கள்.

நான் பல் செட் செய்யும் கடையில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் வெல்டர். பைத்தியம் முதலில் அவருக்குத்தான் இருந்தது, கூடவே குடித்தனம் நடத்தியதில் எனக்கும் ஒட்டிக்கொண்டது. சம்பந்தி ஓய்வுபெற்ற சர்வேயர், கூட்டத்தில் மூத்தவர். அந்த மேசையில்தான் அவரோடு பழக்கம். பழக்கம் முற்றி என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்தோம். மாப்பிள்ளை தங்கமான பையன். அப்பா முன்னால் மட்டும் அந்தத் தங்கத்துக்கு வாய் கிடையாது.

கல்யாணமான புதிதில் மகள் எங்களோடு நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்தாள். அவளை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், மருந்துக் கடையில் சீட்டுப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிற பாப்பா. மூன்று பேரும் பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கிற ஓடைப் பக்கம் போனோம். கரை சரிந்த இடத்தில் என் வீட்டுக்காரர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். மயக்கமோ என்று பதறிப் போனேன். மண்ணுக்குள்ளிருந்து ஒரு வால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்லாகிப் போன முதுகெலும்புக் கணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைக்குள் போய்க்கொண்டே இருந்தன.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஞாயிறு ஏது, பண்டிகை ஏது. பல் சுரண்டுகிற கம்பியும் பெயின்ட் பிரஷ்ஷுமாக அந்தக் கரையே கதியென்று கிடந்தோம். ஒரு கணுவைப் பெயர்க்க ஒரு முழு நாள் ஆகும். வாலிலிருந்து முதுகு, முதுகிலிருந்து கழுத்து என்று வந்து சேர்ந்தபோது தலை அப்படியே மண்ணுக்குள் இருப்பது தெரிந்தது. அங்கே நிறுத்திவிட்டு, அருங்காட்சியகத்தில் புதைபடிவங்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி அம்மா ஒருவரை அழைத்துவந்து காட்டினோம். சேலையெல்லாம் சேறாக மண்டியிட்டுப் பார்த்தார். கடலில் வாழ்ந்த பெரிய பல்லி இனம் மாதிரி இருக்கிறது, தலையை மட்டும் நீங்கள் தொடாதீர்கள், மழை ஓயட்டும், ஆட்களோடு வந்து மாவுக்கட்டு போட்டு எடுக்கிறேன் என்றார். தலையும் உடம்பும் சேர்ந்து வந்தால் முழு மிருகமாக வைத்துவிடலாம், தலை இல்லையென்றால் என்ன மிருகம் என்றே அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் அன்றிரவு சாப்பிடவேயில்லை. சந்தோஷத்தில்.

மனிதர் அதோடு சும்மா இருந்திருக்கலாம். அந்த மாதக் கூட்டத்துக்கு ஒரு கணுவைக் கைக்குட்டையில் மூடி எடுத்துக்கொண்டார். கழுவிக்கொண்டு போங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். மண்ணோடு இருந்தால்தான் புதிது என்று நம்புவார்கள், அதுதான் அழகு என்றார். அந்த ஓடை மண் சாம்பலும் செம்பழுப்புமாகக் கோடு போட்டிருக்கும், வேறெங்கேயும் அப்படிப் பார்த்ததில்லை. மேசையில் எல்லோரும் அடடா சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். சம்பந்தி மட்டும் பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

அடுத்த மாதம் சம்பந்தி கைக்குட்டையோடு வரவில்லை. குளிக்கிற துண்டோடு வந்தார். மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு வைத்துத் துண்டை எடுத்தார்.

என் கை நீளத்துக்கு ஒரு மண்டையோடு. மூக்குப் பகுதி மூன்றாக உடைந்து, பசை வழிய வழிய ஒட்டியிருந்தது. கன்னத்தில் கடப்பாரை பட்ட இடம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. உதிர்ந்த பற்களை அவர் பாட்டுக்கு ஒட்டியிருக்கிறார், உள்பக்கம் வளைய வேண்டியது வெளியே பார்த்துக்கொண்டு நின்றது. தாடையின் இடுக்கில் சாம்பலும் செம்பழுப்புமாகக் கோடு போட்ட மண். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த ஆள் மறைக்கவே இல்லை, தட்டில் வைத்துப் பரிமாறினார்.

எல்லோரும் அடடா என்றார்கள். என் வீட்டுக்காரரும் பழக்கதோஷத்தில் அடடா என்றார். அவரை அங்கேயே அறையலாமா என்று இருந்தது.

"இதை எங்கேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் அல்லவா, எல்லோரும் சுவரில் இருந்த சாலை விதிகளைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சம்பந்தி பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"இடம் கேக்கறது நம்ம பழக்கம் இல்லையே, சம்பந்தியம்மா."

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நேராக ஓடைக்குப் போனோம். நாங்கள் போட்டு மூடியிருந்த தார்ப்பாய் தண்ணீரில் கிடந்தது. தலை இருந்த இடத்தில் குழி. சுற்றிலும் செருப்புக் காலால் மிதிபட்டு நொறுங்கிய எலும்புத் துணுக்குகள். நான் அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில். அருங்காட்சியகத்து அம்மாவிடம் போனில் சொன்னேன். எப்பாடு பட்டாவது தலையை வாங்கிவிடுங்கள், சேர்த்துக் கொடுத்தால் இப்போதும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

வீட்டில் என் வீட்டுக்காரரை நான் பேசாத பேச்சு இல்லை. கழுவாத மண்ணைக் காட்டி ஊரைக் கூட்டி விருந்து வைத்தீர்களே என்றேன். மண்ணைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடிக்க எத்தனை வருஷம் நிலம் அளந்தவர் அவர், தெரிய வேண்டாமா என்றேன். மனிதர் வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். என் அக்கா வந்து, பெண் கொடுத்த இடம், பொறுத்துப் போ, பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சமாதானம் சொன்னாள். ஆள்வது கிடக்கட்டும், பூமிக்குள் இருந்ததையே அந்த ஆள் தோண்டிக்கொண்டு போய்விட்டான் என்றேன். அக்கா காப்பியை முடிக்காமலே கிளம்பினாள்.

சனிக்கிழமை காரில் கணுக்கள் இருந்த மரப்பெட்டியை ஏற்றினேன். என் திட்டம் சுலபமானது. கழுத்தின் கடைசிக் கணுவை எடுத்து, அவர் பெண்டாட்டி பிள்ளை எல்லோரும் பார்க்க, அந்த மண்டையோட்டின் பின்னால் பொருத்துவது. அது அங்கே போய் உட்காராமல் இருக்காது. அப்புறம் என்ன பேசுவார் பார்க்கலாம். கையோடு தலையைத் தூக்கிக்கொண்டு வருவது, பேச்சு முறிந்தால் முறியட்டும். என் வீட்டுக்காரர் உள்ளே வர மாட்டேன் என்று பெட்டியைக் காவல் காத்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மண்டையோடு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. சம்பந்தி எழுந்து வரவேற்றார், அந்தக் குறைச்சல் எல்லாம் கிடையாது. திரும்பி என் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அம்மா வந்திருக்காங்க பாரு, டீ போடும்மா என்றார்.

நான் கை கழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். பாப்பா அடுப்பில் பாத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நான் காதோடு சொன்னேன்: வெளியே வந்து என் பக்கத்தில் நில்லு, எங்களோடு அந்த இடத்தைப் பார்த்தவள் நீ, உன் வாயால் ஒரு வார்த்தை சொல்லு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"அவரு மண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கலைம்மா. நான்தான் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. மிரட்டினாரா என்றேன். இல்லை என்றாள். அடித்தாரா என்றேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்றாள். அப்படியென்றால் எந்தப் பாவி கேட்டு நீ சொன்னாய் என்று குரலை உயர்த்தப் போனேன், அவள் என் கையைப் பிடித்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமனார் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் 'யாராவது கொண்டு வாங்க' என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அவள் போட்ட டீயைக் குடித்துவிட்டு டம்ளரை மனைவியிடம் நீட்டுவார். அவள் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். கூட்டத்தில் அந்தக் கணுவைப் பார்த்துவிட்டு வந்த அன்று மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். உங்க அப்பாவுக்கு நல்ல யோகம் என்று மட்டும் சொன்னார். கேட்கக்கூட இல்லை. இவளாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

என் பெண்ணைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, தலை நிமிர்ந்து நட என்று சொல்லி வளர்த்தேன். அவள் இந்த வீட்டில் ஒரு பேச்சு வாங்குவதற்குச் செத்த மிருகத்தின் தலையை விலையாகக் கொடுத்திருக்கிறாள். யாரைக் கொல்வது என்று தெரியாத கோபம் வந்தது. கிளம்பு, துணியை எடு, நம் வீட்டுக்குப் போகலாம் என்றேன். மாப்பிள்ளை வேண்டுமென்றால் அங்கே வந்து இருக்கட்டும் என்றேன். எலும்பைப் போட்டால்தான் வாலாட்டும் என்றால் அது என்ன மனுஷ ஜாதி என்றேன்.

"எனக்கு இவரோட இருக்கணும்மா. இவரால அப்பாவை விட்டு வர முடியாது. இப்பத்தான் மாமா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹாலில் அவர் கூப்பிட்டாரே, அதை அந்த வீட்டில் அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

ஹாலிலிருந்து மறுபடியும் அவள் பேர் கேட்டது. டீ என்னாச்சு என்கிற அர்த்தத்தில், கனிவாகத்தான் கூப்பிட்டார். பாப்பா "இதோ மாமா" என்றாள். அந்த இரண்டு வார்த்தையில் அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். கையெடுத்துக் கும்பிட வேண்டிய பெண் என் பெண். பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கே குளிர்ந்து போகிறாள்.

டீயைக் குடித்தேன். ஒவ்வொரு வாயும் நெருப்பாக இறங்கியது. எப்படி இருக்கு என்று மண்டையோட்டைக் காட்டிக் கேட்டார். பிரமாதமாக இருக்கிறது என்றேன். உடம்பு உங்களிடம் இருக்கிறது, தலை என்னிடம் இருக்கிறது, சம்பந்தம் என்றால் இதுதான் என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். அந்தக் கடப்பாரை மட்டும் அப்போது என் கையில் இருந்திருந்தால் அந்த ஹாலில் இன்னொரு மண்டையோடும் இருந்திருக்கும்.

வெளியே வந்து கார்க் கதவைத் திறந்தேன். தலை எங்கே என்று என் வீட்டுக்காரர் கண்ணாலேயே கேட்டார். பெட்டியை அவர் மடியிலிருந்து பிடுங்கினேன். அவர் விடவில்லை. பாப்பாவுக்கு என்றேன். அப்போதும் விடவில்லை. அவள் அங்கே எப்படி இருக்கிறாள் என்பதை நாலே வாக்கியத்தில் சொன்னேன். கையை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அருங்காட்சியகத்து அம்மாவுக்கு இனி என்ன பதில் சொல்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பின்வாசல் பக்கமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பாப்பாவைக் கூப்பிட்டேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், இது அப்பாவோடது என்றாள். அழத் தொடங்கினாள். அழுகையை நிறுத்து என்று அதட்டினேன். பெட்டியை உன் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டு, சாவி உன்னிடமே இருக்கட்டும், உன் புருஷனுக்குக்கூடத் தெரியக் கூடாது என்றேன்.

"கழுத்துலேருந்து ஆரம்பி. அப்பதான் அந்தாளுக்கு அடுத்தது வேணும்னு இருக்கும். மாசத்துக்கு ஒண்ணு குடு, அதுக்கு மேல ஒண்ணு குடுத்தே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."