ஒன்பது நாள் பத்தியம்

பர்மாவில் போட்டாதாங் கப்பல் துறையில் அரிசி மூட்டையைப் பூப்போல இறக்கி வைக்கிற கருப்பையா, பெண்டாட்டியிடம் சொன்ன ஒரே ஒரு பொய்யை இறக்கி வைக்க இடம் தெரியாமல் மூன்று நாளாய்த் திண்டாடினான்.

மூன்று வயது மகள் தங்கமணிக்குச் சோற்றைக் கண்டாலே ஆகாது. ஆடி பிறந்ததிலிருந்து நாலு மாதமாய் இப்படித்தான். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், கஷாயம் புகட்டினார்கள். எல்லாவற்றையும் துப்பினாள். மூத்த பிள்ளை இப்படித்தான் இளைத்து இளைத்துக் கைவிட்டுப் போனது. அந்தப் பயத்தில் வேலம்மா இரவெல்லாம் விழித்துக் கிடந்தாள். கருப்பையாவும்தான், ஆனால் ஆம்பளை பயப்படலாமா என்று குறட்டை விடுவதுபோல் நடித்தான்.

பக்கத்து அறை நூர் பீவிதான் லாத்தா தெருச் சீன வைத்தியரைப் பற்றிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கருப்பையா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிராம் ஏறினான். "பச்சப் புள்ளைய ஊசியால குத்துறத என்னால பாக்க முடியாது" என்று வேலம்மா வர மறுத்துவிட்டாள்.

சீனர் தங்கமணியின் கையை விரித்து, கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களின் நடு ரேகையிலும் சுருக்சுருக்கென்று குத்தி அமுக்கினார். இரத்தம் வரவில்லை. மஞ்சளாய்ப் பசைபோல ஒரு சொட்டு நீர் வந்தது. மற்றக் கையிலும் அப்படியே. "பசியை அடைத்துக்கொண்டிருப்பது இதுதான். அடுத்த ஞாயிறு கொண்டு வா. வெறும் இரத்தம் வந்தால் சரியாகிவிட்டது" என்று அரைகுறை பர்மாப் பேச்சில் சொன்னார். பிள்ளை அழுது முடிப்பதற்குள் வைத்தியம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் வேலம்மா கேட்டாள்.

"மருந்து எங்க?"

"மருந்தெல்லாம் கெடையாது."

"பத்தியம்?"

சீனர் பத்தியம் என்று வாயே திறக்கவில்லை. ஆனால் மருந்தும் இல்லை, பத்தியமும் இல்லை என்றால் அதை வைத்தியம் என்று எந்தத் தமிழச்சி ஒப்புவாள்? அடுத்த ஞாயிறு பிள்ளையை வாசல் தாண்ட விடமாட்டாளே!

"பத்தியம் இல்லாமயா? கடும் பத்தியம்! மீனு, புளி, எண்ண, ஙாப்பி மீன் விழுது ஒண்ணும் ஆகாது. ஒம்போது நாளைக்கு உப்பில்லாக் கஞ்சிதான்!"

சொன்ன வேகத்தில் சீனர்மேல் அவனுக்கே மரியாதை கூடிவிட்டது. எதையுமே தின்னாத பிள்ளைக்குப் பத்தியத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்றும் சமாதானம் செய்துகொண்டான்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். நூர் பீவி தன் அறை வாசலில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் அடுப்பு முன்னால் தங்கமணி சப்பணமிட்டு உட்கார்ந்து, "மீனு! சோறு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். வேலம்மா அவளை இழுக்க, அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இது என்னாடி கொடும! கேக்குற புள்ளைக்கு ஒரு துண்டு குடுத்தா குடியா முழுகிடும்?" என்றாள் நூர் பீவி.

வேலம்மா புருஷனைப் பார்த்ததும் உடைந்து போனாள். "காலையிலருந்து கேக்குறாய்யா. நாலு மாசமா இந்த ஒரு வார்த்தைக்குத்தான ஏங்குனேன்? இப்ப கேக்குறா, குடுக்க முடியலியே. இன்னும் ஆறு நாளு கெடக்கே!"

சீனரைப் பார்த்தேன், பத்தியத்தைத் தளர்த்திவிட்டார் என்று இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. மகள் வாயைத் திறந்து கேட்கிறாள். அந்த வாய்க்கு முன்னால் பொய் எடுபடவில்லை.

"பத்தியமே இல்ல புள்ள" என்றான். "அந்தாளு ஒண்ணும் சொல்லல. நீ நம்ப மாட்டியேன்னு நாந்தான் சொன்னேன்."

வேலம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நூர் பீவியிடம் மீனை வாங்கி, முள் பார்த்து, சோற்றோடு பிசைந்து உருட்டினாள். முதல் உருண்டை போன இடம் தெரியவில்லை. இரண்டாவதும் போனது. கருப்பையாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அவன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். வேலம்மா பிள்ளையின் உப்பில்லாக் கஞ்சியைக் கொண்டுவந்து அவன் முன் டொக்கென்று வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம நானும் வாறேன். அங்க நீ வாயத் தொறக்கப்படாது."

"சரி" என்று அவன் கஞ்சியைக் குடித்தான். தங்கமணி மூன்றாவது உருண்டைக்கு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.